சிமெண்டுத் தரைக்கும் ஒரு பஞ்சாங்கம்

பினாங்குக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் பர்குவார் தெருவிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தின் முன் நின்று, அதன் வெண்ணிறத் தூண்களையும் கூர்ங்கோபுரத்தையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீடு கட்டுவதைக் காட்டிலும் கட்டிய வீட்டைக் காப்பாற்றுவதே பெரிய காரியம் என்று எண்ணுகிற என்னைப் போன்றவர்களுக்கோ, அந்தக் கட்டிடத்தில் பார்க்க வேண்டிய பாகம் அதன் கூரைதான். 1818-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியார் கைதிகளின் உழைப்பைக் கொண்டு அதைக் கட்டி முடித்தபோது, இன்று நாம் காணும் சரிவுக் கூரை அதற்கு இல்லை. சென்னைப் பட்டணத்து மாளிகைகளுக்கு வழக்கமாயிருந்த தட்டையான மெத்தைத் தளத்தையே இதற்கும் போட்டிருந்தார்கள். இந்த ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு அது ஒத்துவரவில்லை என்று கண்டு, 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். வெயில் நாட்டில் பிறந்த ஒரு நல்ல உபாயம், இன்னொரு வெயில் நாட்டுக்கு வந்து, 46 ஆண்டுகளில் தோற்றுப்போனது என்பதற்கு இதே தீவிலுள்ள எங்கள் ஜெலுத்தோங்கிலிருந்து சிறிது நேரத்தில் போய்ப் பார்த்துவிடக்கூடிய சாட்சி அது.

அந்த மெத்தைத் தளத்தைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து இறுக்கி, முடிவில் தட்டோடு பாவி நிறுத்திய அந்தத் தளம், சென்னையிலும் தஞ்சையிலும் தலைமுறை தலைமுறையாக மனிதர் தலையைக் காத்திருக்கிறது. அதே கைத்திறம் கடல் கடந்து வந்து எல்லா இடத்திலும் தோற்றுவிடவில்லை. 1862-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிங்கப்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு இந்தியக் கைதிகள் பூசிய சென்னைச் சுண்ணாம்பைப் பற்றி, முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்து அரைத்த விதத்தை, மெக்நேர் என்ற அதிகாரி 1899-இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். உள்ளே, மழை படாத சுவரில், அந்தப் பூச்சு பளிங்கு போல் விளங்கிற்று. வெளியே, மழையை நேரே வாங்கிக்கொள்கிற தட்டைக் கூரையாக வந்தபோதுதான் சென்னையின் சாஸ்திரம் பினாங்கில் செல்லாமற்போயிற்று.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே கொட்டித் தீர்த்துவிட, பிறகு மாதக்கணக்கில் வெயில் காய்ந்து தளத்தினுள் ஊறிய ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுகிறது. பினாங்கிலோ 2,500 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிற மழை ஏதோ ஒரு பருவத்தோடு நின்றுவிடுவதில்லை. மழையே இல்லாத மாதம் என்று ஒன்று இங்கே கிடையாது. காலையில் வெயில் சுள்ளென்று அடித்து, மாலையில் இடி முழங்கி, இரவெல்லாம் காற்றில் ஈரம் நின்று, மறுபடியும் வெயில் அடிக்கிற ஊரில், நனைந்த பொருள் உள்ளூரக் காய்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே உஷ்ணப் பிரதேசம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது போதாது. காய்கிற உஷ்ணம் வேறு, புழுங்குகிற உஷ்ணம் வேறு. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்திலே வீட்டு முற்றத்துக்குப் பளபளப்புப் பூச்சுப் பூசிக் காட்டுகிற காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம்முடைய தாமான் வீடுகளில் அதையே செய்து பார்க்கிற அன்பர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். அவர்களுடைய பகைவன் வெயில். நம்முடைய பகைவன் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து செய்கிற கூட்டுச் சதி.

தேவாலயக் கூரை கம்பெனி காலத்துக் கதை என்று தள்ளிவிடுவோருக்காக, நம் காலத்தை ஒட்டிய இன்னொன்றையும் சொல்கிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் போகிறவர்கள் கண்ணில் தவறாமல் படுகிற ரைபிள் ரேஞ்சு அடுக்குமாடிகள், 17 மாடிகளும் 18 மாடிகளுமாக ஒன்பது கட்டிடங்கள், அறுபதுகளில் அரசாங்கம் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட்டுப் பலகைகளைக் கொண்டு வந்து பொருத்திப் பார்த்த முதல் பரீட்சைகளில் ஒன்றாகும். கோலாலம்பூரின் பெக்கிலிலிங் சாலை வீடுகளுக்கு டென்மார்க்கின் முறையையும், பினாங்குக்குப் பிரான்சின் முறையையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் வந்திறங்கிய அயல்நாட்டு முறைகளைப் பற்றி இந்நாட்டுக் கட்டுமானத் துறையினர் பிற்பாடு ஆராய்ந்து எழுதியபோது, அவற்றிற் பல இவ்வூர்ச் சீதோஷ்ணத்துக்கும் நம் மக்களின் பழக்க வழக்கங்களுக்கும் பொருந்தவில்லை என்றும், ஐரோப்பியக் குளியலறையைவிட நம் குளியலறை மிக அதிகம் நனைகிறதாகையால் இணைப்புகளை ஈரக் கலவையால் இறுக்கும் முறையே தகுந்தது என்றும் முடிவுக்கு வந்தார்கள். தொட்டியில் படுத்துக் குளிப்பவனுக்கு வகுத்த கணக்கு, வாளியில் மொண்டு தலையோடு ஊற்றிக்கொள்பவனுக்கு எப்படிப் பொருந்தும்? வெளி மழை போதாதென்று நாமும் வீட்டுக்குள் தினந்தோறும் இரண்டு வேளை மழை பெய்விக்கிற ஜாதியல்லவா!

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிமெண்டு என்பது, 1824-இல் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்கு உரிமை பெற்ற நாள் முதலாக எத்தனையோ மாறுதல் அடைந்திருந்தாலும், அதன் சுபாவம் ஒன்றுதான்: அது காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு கூடி இறுகுகிறது. அந்தச் சேர்க்கைக்கு வேண்டிய அளவுக்குமேல், கலவை வழுவழுவென்று வர வேண்டுமே என்று கொத்தனார் ஊற்றுகிற ஒவ்வொரு வாளித் தண்ணீரும், பின்னால் ஆவியாகி வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. கல்போல் நிற்கிற கான்கிரீட்டு, உண்மையில் அத்துளைகள் வழியாக நீரைக் குடித்துக்கொண்டும் வெளிவிட்டுக்கொண்டும் இருக்கிற பொருள். உள்ளே போன நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, தான் மட்டும் ஆவியாகிச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போவதைத்தான் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோம். அது பார்வைக்கு அலங்கோலம், அபாயமன்று.

அபாயம் கம்பியில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள்ளே இருக்கிற கடுமையான காரத்தன்மை, இரும்புக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்பை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு நுண்துளை வழியே மெல்ல மெல்ல நுழைந்து அந்தக் காரத்தை முறிக்கிறது. கடற்காற்றிலுள்ள உப்போ, காரம் முறியும்வரை காத்திராமலே காப்பைத் துளைத்துவிடுகிறது. கிழக்கே கடலையும் கடலோர விரைவுச்சாலையையும் வைத்துக்கொண்டு வாழ்கிற ஜெலுத்தோங்வாசிகள், வீட்டு இரும்புக் கதவு எத்தனை விரைவில் துருவேறுகிறது என்பதைக் கண்ணாரக் காண்கிறார்களேயன்றி, அதே உப்பு தலைக்கு மேலிருக்கும் போர்ச் கான்கிரீட்டுக்குள்ளும் வேலை செய்கிறது என்பதை நினைப்பதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வீக்கம் தாங்காமல் முதலில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஒரு வெடிப்பு, பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் கார் மூடியின்மேல் தட்டையான ஒரு கான்கிரீட்டுச் சில்லு. மேலே அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிகிறது. தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டிய தளம் பொத்தென்று ஒலிக்கிறது. இந்நிலைக்கு வந்துவிட்ட தளத்துக்கு மேற்பூச்சினால் யாதொரு பிரயோஜனமுமில்லை. தளர்ந்ததை வெட்டியெடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, முறையாக ஒட்டுப்போடத் தெரிந்தவரை அழைக்க வேண்டியதுதான். பூச்சு என்பது வருமுன் காப்பதற்கே.

கடைகளில் விற்கிற காப்புப் பூச்சுகள் பெயரால் நூறு இருந்தாலும், இனத்தால் இரண்டுதான். ஒன்று, மேலே படலமாகப் படிந்து நிற்பது. அக்ரிலிக், எபாக்ஸி, பாலியூரித்தேன் எல்லாம் இந்த இனம். மற்றொன்று, உள்ளே ஊறிச் சென்று நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர்த்துளியை உள்ளே வரவொட்டாமல் தடுத்து, உள்ளிருக்கும் ஆவியை மட்டும் வெளியே போகவிடுவது. சிலேன், சிலாக்சேன் என்ற பெயர்களை டப்பாவின் பின்புறம் சிறு எழுத்தில் காணலாம். முதல் இனம் பளபளக்கும். இரண்டாவது பூசினாற்போலவே தெரியாது. பணம் கொடுத்தவனுக்குப் பளபளப்பு வேண்டியிருப்பதால், முதல் இனமே அதிகம் விற்பனையாகிறது. என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறு. மண்ணின் மேல் நேராகப் போட்ட தரைக்கு, அதாவது நம் போர்ச் தரைக்கும் பின்கட்டுத் துணி உலர்த்தும் முற்றத்துக்கும், நம் ஊரில் படலப் பூச்சு கூடாது. பழைய வீடுகளில் தரைக்கடியில் ஈரம் தடுக்கும் பாலித்தீன் விரிப்பு இருக்கும் என்று நம்புவதற்கில்லை. மண்ணோ வருஷம் முழுவதும் ஈரம். வெயில் ஏறினவுடன் தரைக்குள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே எழும்ப, மேலே போக வழியில்லாமல் படலத்தை முட்டித் தூக்கிக் கொப்புளமாக்கி, கடைசியில் பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரித்துவிடுகிறது. எபாக்ஸிக்கு வேறொரு குறையும் உண்டு. வெயில் நேரே பட்டால் மஞ்சளாகி மாவு மாவாக உதிரும். வீட்டுக்குள் அது ராஜா. வாசலில் அதற்கு மதிப்பில்லை. இதற்கெல்லாம் மேலாக, பளபளக்கும் படலத்தின்மேல் மழைத்தண்ணீர் நின்றால் வயதானவர்களின் கால் என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈரம் அடியிலிருந்து வருகிறதா என்று அறிவதற்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி நாடாவால் தரையோடு ஒட்டி, மாலையில் விட்டுவிட்டு மறுநாள் முற்பகலில் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒட்டிவைத்த தாளைத் தூக்கியபோது, அதன் உட்புறமெங்கும் கடுகு கடுகாக நீர் முத்துகள் கோத்திருந்தன. தாள் இருந்த இடம் மட்டும் கறுத்த சதுரமாகத் தரையில் தெரிந்தது. சுற்றியிருந்த தரையோ வெண்சாம்பல் நிறத்தில், பார்த்தால் எலும்பு போல் உலர்ந்து கிடந்தது. அந்த வீட்டுக்காரர் அவ்வாண்டு இரண்டாம் முறையாகப் பூசுவதற்குச் சாயம் வாங்கி வைத்திருந்தார். கூட வந்திருந்த பழைய கொத்தனார், எழுபதைத் தாண்டியவர், சதுரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டு, “சாயத்தக் குத்தம் சொல்லாதீங்க தம்பி. அடியில தண்ணி நிக்குது. அது மேல வந்துதான் தீரும். நீங்க மூடுனா அது பேத்துக்கிட்டு வரும்” என்றார். “அப்ப என்னதான் பண்றது அண்ணே?” என்று கேட்டதற்கு, அவர் சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த வாளித் தண்ணீரைத் தரையில் சாய்த்துவிட்டு எல்லாரும் நின்று பார்த்தோம். முக்கால் பங்கு சாக்கடைப் பக்கம் ஓடிற்று. மீதிக் கால் பங்கு வீட்டுச் சுவரை நோக்கி வந்து, படிக்கட்டோரம் குளமாகத் தேங்கிற்று. விஷயம் அவ்வளவுதான். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது வெளிப்புறமாகச் சரிவு இல்லாத தரைக்கு எத்தனை விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும், தேங்கின நீர் தன் காரியத்தைச் செய்துகொண்டே இருக்கும். முதலில் சரிவு, அடுத்து வெடிப்பு, மூன்றாவது சுத்தம், கடைசியில்தான் பூச்சு. இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்குவதில்தான் நம்மவர் பணமெல்லாம் கரைகிறது.

வெடிப்பைப் பற்றிச் சில வார்த்தை. கான்கிரீட்டு, உஷ்ணத்தில் ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு நீளும். பத்து மீட்டர் தரை, விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே இருபது பாகை வித்தியாசத்தைக் கண்டால், இரண்டு மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. இந்த அசைவுக்கு இடங்கொடுத்துத்தான், நான்கு அங்குலத் தரையானால் எட்டுப் பத்தடிக்கு ஒரு முறை, கனத்தில் கால்பங்கு ஆழத்துக்குக் கோடு வெட்டி வைப்பது. வெட்டாத தரை தானே தனக்கு வேண்டிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். அப்படி வெடித்ததைச் சிமெண்டுப் பால் ஊற்றி அடைப்பது நம்மூர்ச் சம்பிரதாயம். அசைகிற இடத்தில் அசையாப் பொருளை வைத்தால் அது நிலைப்பதெப்படி? இழுத்தால் நீளுகிற பாலியூரித்தேன் அடைப்பானையே அங்கே இட வேண்டும். ஆனால் மயிரிழை போலத் தரை மேல் சிலந்திவலையாக ஓடுகிற வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை, வார்த்த அன்று மேற்பரப்பு வெயிலில் அவசரமாக உலர்ந்ததன் அடையாளம். புதுத் தரை போடுகிறவர்கள், வார்த்த பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்கைப் போர்த்தியோ, தமிழ்நாட்டில் மாடித் தளத்துக்குச் செய்வதுபோலப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியோ வைத்தால் அவை பெரும்பாலும் தோன்றா. பூச்சுக்கு 28 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் நம்மவர் சிலருக்குக் கழிவறை அமிலத்தின்மேல் ஒரு மோகம் உண்டு. கறுத்த தரையில் அதை ஊற்றியவுடன் நுரைத்துப் பொங்கி வெளுப்பதைப் பார்த்து, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். நுரைப்பது அழுக்கன்று, தரையின் சுண்ணாம்பு. இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் மணலும் சரளையும் பல்லிளிக்கத் தொடங்கிவிடும். அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியை மிக நெருக்கமாகப் பிடிப்பதும் இதே வேலையைச் செய்யும். பச்சைப் பாசிக்கு, குளோரோக்ஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தாலோ நைலான் தூரிகையாலோ தேய்த்துக் கழுவினால் போதும். இந்த இரண்டையும், அதாவது குளோரோக்ஸையும் அமிலத்தையும், ஒரே நாளில் ஒரே இடத்தில் எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்கலாகாது. சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மோட்டார் சைக்கிள் எண்ணெய்க் கறைக்குச் சவர்க்காரத் தூளும் வெந்நீரும் பொறுமையுமே மருந்து. எண்ணெய் போகாத இடத்தில் ஊறும் பூச்சு ஊறாது.

பூசும் நேரத்தைக் காலை வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ள வேண்டும். நடுப்பகலில் வெறுங்காலை வைக்க முடியாதபடி சுடுகிற தரையில் ஊற்றிய திரவம் உள்ளே இறங்குமுன்பே ஆவியாகிவிடும். ஊறும் பூச்சானால், உருளைத் தூரிகையால் தாராளமாகப் பாய்ச்சி, முதல் பாய்ச்சல் உலருமுன்பே இரண்டாவதையும் பாய்ச்சி, எங்கேனும் குட்டையாக நின்றால் துணியால் ஒற்றியெடுத்துவிட வேண்டும். கையுறை அவசியம். பூசின பிறகு ஒரு நாளாவது மழை கூடாது. இந்த ஒரு நிபந்தனைதான் பினாங்கில் பெரிய நிபந்தனை. வேலை நன்றாக முடிந்ததா என்பதற்குச் சாட்சி மறுவாரத்துத் தூறலில் கிடைக்கும்: துளிகள் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். எங்கள் வீட்டில் இதனால் ஒரு தர்மசங்கடமும் நேர்ந்தது. வெள்ளிக்கிழமை மாக்கோலம் போட வந்த அம்மா, “என்னப்பா இது, மாவு ஒட்ட மாட்டேங்குது, உருண்டு உருண்டு ஓடுது?” என்று கேட்டார்கள். கோலப்பொடியானால் குறையில்லை, அரைத்த மாவுதான் நிற்காது. ஆகவே வாசற்படிக்கு முன்னால் ஒரு சதுரத்தைப் பூசாமல் விட்டுவிடுவது, வீட்டில் அமைதியை நாடுவோர் அனுசரிக்கத் தக்கது.

தலைக்கு மேலிருக்கும் போர்ச் தளத்துக்கு மட்டும் மேற்சொன்ன விதி மாறும். அங்கே தண்ணீர் தேங்கி நிற்கக்கூடுமாகையால், ஊறும் பூச்சு ஒன்றே போதாது. தேங்கிய நீரின் அழுத்தத்தைத் தாங்கும் படலம் மேற்புறத்தில் வேண்டும். கீழ்ப்புறம் அதற்கு மாறாக மூச்சு விடும்படி இருக்க வேண்டும். நம்மவரோ, ஏணி வைத்து மேலே ஏறுவதற்குச் சோம்பி, கசிவு தெரிகிற கீழ்ப்புறத்தில் தடித்த சாயத்தை அப்பி, உள்ளே இறங்கிய நீரைக் கம்பியோடு சேர்த்துச் சிறை வைக்கிறார்கள். மேலே ஏறிப் பார்த்தால் பாதி வீடுகளில் தளத்தில் யாதொரு கோளாறும் இராது. அங்சானா மரத்துச் சருகு வடிகுழாயின் வாயை அடைத்திருக்கும்.

ஜார்ஜ் டவுனுக்குள் பழைய கடைவீடுகளில் குடியிருப்போருக்கும் ஒரு வார்த்தை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த அச்சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் விட்டுக்கொண்டிருக்கும்படி அமைந்தவை. அவற்றின்மேல் சிமெண்டுச் சாந்தைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் சாயத்தையும் அடித்துவிட்டால், வெளியேற வழியில்லாத ஈரம் சுவரில் மேலும் மேலும் ஏறி, கடைவீட்டு முன்புற நடைபாதையான அஞ்சடியில் நடப்பவர் இடுப்பளவில் பொரிந்து உதிர்வதைக் காணலாம். 2008 ஜூலையில் நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு சுண்ணாம்புப் பூச்சுக்கு மறுபடியும் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. அதைப் பூசத் தெரிந்த கைகள்தாம் குறைந்துவிட்டன.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு, காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சொன்னதெல்லாம் வீண். பராமரிப்பைப் பஞ்சாங்கத்தோடு முடிந்துவைத்த மக்கள் நாம். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்கு என்று வைத்ததனால் கோயில் விமானத்தின் வெடிப்புகளெல்லாம் திருப்பணியில் அடைபட்டன. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது என்று வைத்ததனால், தமிழ்நாட்டு வீட்டுச் சுவர் ஆண்டுதோறும் ஒரு மெல்லிய சுண்ணாம்புக் கவசத்தைப் பெற்றது. அது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தெளிகிற சமயம் என்பதைக் கவனியுங்கள். மலேசியாவுக்கு வந்த நாம், பொது விடுமுறை கிடைப்பதனாலோ, விருந்தினர் வருவதனாலோ, வீட்டுக்குச் சாயம் அடிப்பதைத் தீபாவளிக்கு மாற்றிக்கொண்டோம். பினாங்கிலே செப்டம்பரும் அக்டோபரும் ஆண்டிலேயே அதிக மழை பொழிகிற மாதங்கள். நவம்பரிலும் மழைக்குக் குறைவில்லை. 2017-இல் தீபாவளி அக்டோபர் 18-இல் வந்தது. நவம்பர் 4-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள்வரை அடித்த புயல் மழையில் தீவின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கி, ஏழு உயிர்கள் போயின. பண்டிகைச் சாயம் அடித்து மாதம் ஒன்று ஆகாத சுவர்களெல்லாம் சேற்றுத் தண்ணீரில் நின்றன. அத்தகைய வெள்ளம் எப்போதாவது வருவது. ஆனால் சாதாரண ஆண்டிலும், நனைந்த சுவருக்கும் நனைந்த தரைக்கும் மேல் அவசர அவசரமாகச் சாயத்தைப் பூட்டி, டிசம்பரில் அது கொப்புளிப்பதைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டுவது நடந்துகொண்டே இருக்கிறது.

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரிவரை இந்தத் தீவில் மழை குறைகிறது. மார்கழி முழுவதும் தரையைக் காயவிட்டு, பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே கிடைக்கிற ஒரு காய்ந்த வாரத்தில் பூசினால் பூச்சு பூச்சாக நிற்கும். இரத ஊர்வலப் பாதையை ஒட்டி வீடுள்ளவர்கள் மட்டும், வாசலில் உடைத்த தேங்காய்த் தண்ணீரை அன்றிரவே கழுவிவிட வேண்டும். புளித்தால் அதுவும் ஓர் அமிலமே. ஊறும் பூச்சானால் ஐந்தாறு ஆண்டுகள்வரை கவலையில்லை. ஒவ்வொரு தையிலும் ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்து, துளி உருளாமல் தரை கறுக்கத் தொடங்கும் ஆண்டில் மறுபடி பூசலாம். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால்தானே நாலு வெள்ளி மிச்சமாகும் என்று கேட்பவர்கள், தாராளமாக அப்போதே வாங்கிவிடலாம். டப்பாவின் அடியிலுள்ள காலாவதித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, மூடியைத் திறக்காமல் வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். பண்டிகைக்கு வருகிற விருந்தினருக்குத் தரையைக் கழுவிக் கோலம் போட்டாலே போதும்.